ஸைவ் சொன்னால் நம்புவார்கள்

"உங்களைப் பற்றியே எழுதுங்கள்" என்று எங்கள் விரிவுரையாளர் பிடெல்மா சொன்னதும் வகுப்பில் எல்லாரும் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கை ஓடவில்லை. என்னைப் பற்றி விசாரிப்பவர்களை நான் நம்புவதில்லை. இதுவரை விசாரித்தவர்கள் யார் யார்? போலீஸ்காரர்கள், கடைக்காரர்கள், நகரசபை ஆட்கள், 'ஏன் நேற்றுப் பள்ளிக்கூடம் வரவில்லை' என்று கேட்க வந்த அம்மாள். விசாரித்துவிட்டு நல்லது செய்தவர் என்று ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

பாடத்தின் பெயர் 'பன்மையும் அடையாளமும்'. கால்வே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து, பிறந்ததாலேயே தங்களுக்கு என்னென்ன கிடைத்தது என்று பேச வேண்டும். நல்ல கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகள் 'நான் வசதியானவள், எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது' என்பார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குற்ற உணர்ச்சியைக்கூட இவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்து அனுபவிக்க முடிகிறதே என்று.

பார்த்தால் நானும் அவர்களைப் போலத்தான். செம்பட்டை முடி, மூக்கைச் சுற்றிப் புள்ளிகள். வாயைத் திறந்து பெயரைச் சொன்னால்தான் வம்பு. வின்னி மோங்கன். மோங்கன் என்றால் எங்கள் ஊரான டூவம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நாடோடிச் சனம். நாங்கள் இப்போது எங்கும் நாடோடுவதில்லை. வண்டிகளை நிறுத்திக் குடியிருக்க நகரசபை கொடுத்த நிறுத்தத்தில், குப்பைக் கிடங்குக்குப் பின்னால், இருபது வருடமாக ஒரே இடத்தில்தான் எங்கள் டிரெய்லர் வீடு நிற்கிறது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களை நாங்கள் 'வீட்டுச் சனம்' என்போம். அவர்கள் எங்களை என்னவெல்லாம் சொல்வார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

என்னைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆகவே ஸைவைப் பற்றி எழுதுகிறேன். மதிப்பெண் போடுவதும் போடாததும் பிடெல்மா பாடு.

ஸைவ் ஹெனெகன் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். சொந்த ஊர் ஓரன்மோர், இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். ஒரே பெண். அம்மா கிரானியா பல் டாக்டர். அப்பா கார்க் நகரத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். ஸைவ் நெட்டை, குரல் கணீர். பஸ்ஸில் போனில் பேசினால் ஓட்டுநருக்கும் அவள் கதை தெரிந்துவிடும். பாத்திரம் கழுவ மாட்டாள். கழுவாததற்கு மனதார மன்னிப்புக் கேட்பாள்.

அவளிடம் நான் முதலில் கவனித்தது ஒன்று. அவள் எதற்கும் ரசீது வைத்துக்கொள்வதில்லை. ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். "இங்கதான் வாங்கினேன், கை நீளமா இருக்கு, ரசீதைத் தொலைச்சிட்டேன்" என்பாள். மாற்றிக் கொடுப்பார்கள். பஸ் கார்டை மறந்துவிட்டு ஏறுவாள். "ஏறும்மா, நாளைக்குக் காட்டு" என்பார் ஓட்டுநர். அவள் பொய் சொல்கிறவள் இல்லைதான். ஆனால் அது அந்த ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? என் பையைத் திறந்து பாருங்கள், போன வருடம் வாங்கிய பென்சிலுக்குக்கூட ரசீது இருக்கும்.

நான் யார் என்பது அவளுக்குத் தெரிந்த கதையே வேடிக்கை. ஒரு சனிக்கிழமை துணிக்கடைக்குப் போயிருந்தோம். கடைக் காவலாளி எங்கள் பின்னாலேயே வந்தான். நாங்கள் செருப்புப் பக்கம் போனால் செருப்புப் பக்கம், தொப்பிப் பக்கம் போனால் தொப்பிப் பக்கம். ஸைவ் என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"வின்னி, அந்த ஆள் என்னையே பாத்துக்கிட்டு வர்றான். ஆளு பரவாயில்லை, இல்ல?"

நான் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. "உன்னைப் பாக்கலடி. என் கையைப் பாக்குறான். என் அக்கா புருஷனை அவனுக்குத் தெரியும், என்னையும் தெரியும்."

"கையை எதுக்குப் பாக்கணும்?"

அப்புறம்தான் சொன்னேன். அவள் நடுக்கடையில் நின்று அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அழுதது எனக்காகவா, கதை கிடைத்ததற்காகவா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் வகுப்பில், "எனக்கு நெருக்கமான ஒருத்தர்" என்று அவள் ஆரம்பித்தபோது நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். பேச்சை மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் எங்கே எதை உளறுவாளோ என்று ஒரு கண் வைத்திருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா டேவி மோங்கன் போன வருடம் ஏப்ரலில் இறந்துபோனார். எங்கள் சனத்தில் ஒருவரைப் புதைத்ததோடு கடமை முடிவதில்லை. வருடம் திரும்பும்போது கல் வைத்து, பாதிரியாரை அழைத்து அதை ஆசீர்வதிக்க வேண்டும். அப்பாவுக்குக் கறுப்புப் பளிங்கில், அவர் படத்தோடு, அவர் பழக்கிய குதிரையின் உருவத்தோடு கல் தயாராகியிருந்தது. மான்செஸ்டரிலிருந்து சித்தப்பா குடும்பம், லண்டனிலிருந்து அத்தைகள், உள்ளூர்ச் சொந்தம் எல்லாம் சேர்த்து அறுபது பேர் வருவார்கள். கல்லறையிலிருந்து வந்த சனத்தை உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும். நின்றுகொண்டே சாப்பிட்டுப் போனார்கள் என்றால் டேவி மோங்கனுக்கு மரியாதை செய்யவில்லை என்று அர்த்தம். என் அம்மா மிஸ்ஸிக்கு அந்த வருடம் முழுக்க இருந்த கவலை அது ஒன்றுதான். எங்கள் நிறுத்தத்தில் அறுபது பேர் உட்கார இடமில்லை. மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு.

அம்மா மூன்று ஓட்டல்களுக்குப் போன் செய்தாள். முதல் ஓட்டலில் "எந்த மோங்கன்?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குக் கூடம் காலி இல்லை என்றார்கள். இரண்டாவதில் பெயரைக் கேட்டதும் தரையை மாற்றுகிறோம் என்றார்கள். மூன்றாவதில் திருப்பிக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிட்டபாடில்லை.

எங்கள் சனம் இதற்குச் செய்யும் வழி ஒன்று உண்டு. வீட்டுச் சனத்தில் ஒரு நல்ல ஆளைப் பிடித்து அவர் பெயரில் கூடத்தைப் பேசுவது. அன்றைக்கு நாங்கள் போய் இறங்கிய பிறகு அவர்கள் முகம் எப்படிப் போனாலும், சாப்பாடு மேஜைக்கு வந்துவிடும். கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"உன் கூட இருக்காளே, அந்த நெட்டைப் பொண்ணு. அவ பேசுவாளா?"

"பேசுவா. ஆனா அவ ஒரு மாதிரிம்மா. மனசுல எதையும் வச்சுக்கத் தெரியாது."

"அதெல்லாம் வேணாம். போய் நின்னு பேர் சொல்லத் தெரியும்ல? அது போதும்."

ஸைவ் உடனே சரி என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை டூவத்துக்கு வெளியே உள்ள ஒரு ஓட்டலுக்குப் போனோம். நான் கார் நிறுத்தும் இடத்திலேயே நின்றுகொண்டேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் அவள் வெளியே வந்தாள். உண்மையிலேயே தேநீர் கொடுத்திருக்கிறார்கள், பிஸ்கட்டோடு. 'குடும்ப நிகழ்ச்சி, அறுபது பேர்' என்றாளாம். அடுத்த சனிக்கிழமை மதியம், பெரிய கூடம், எழுதிக்கொண்டார்களாம். மேலாளர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். நான் காருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. ஸைவ் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. எவ்வளவு சுலபமா இருந்துச்சு, அதான்."

"சுலபமா இருக்கணும்னுதானே உன்னை அனுப்பினோம்."

"அதான் உறுத்துது."

எனக்குச் சுரீர் என்றது. அந்த உறுத்தலை எனக்குத் தெரியும். வாரா வாரம் வட்டமாக உட்கார்ந்து அதற்குத்தானே தீனி போடுகிறோம். ஆனால் நான் சந்தேகப்பட்டது வேறு. எங்களோடு சேர்ந்து பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்து நழுவுவாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக இருந்தாள். பாத்திரம்கூடக் கழுவினாள். சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"வின்னி, ஓட்டல்ல இருந்து போன் வந்துச்சு. அன்னைக்கு ஏற்கனவே வேற யாருக்கோ கூடம் கொடுத்திருந்தாங்களாம், தெரியாம நமக்கும் எழுதிட்டாங்களாம். இப்ப இல்லைன்னுட்டாங்க."

"நீ என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும்..."

"ஸைவ். நீ என்ன பண்ணின?"

சொன்னாள். திங்கட்கிழமை அவளே மேலாளருக்குப் போன் போட்டிருக்கிறாள். நிகழ்ச்சி மோங்கன் குடும்பத்துடையது, நாடோடிச் சனம், நீங்கள் பாகுபாடு பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவர் "நிச்சயமா இல்லம்மா, சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றாராம்.

"என் பேரை வச்சு உங்களை மறைக்கிறது தப்புன்னு தோணிச்சு. நானும் அந்த அநியாயத்துல பங்குன்னு ஆகுதுல்ல. நேர்மையா சொன்னா அவங்களே வெட்கப்பட்டு..."

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "உன் மனசாட்சிக்கு வெள்ளையடிக்க எங்கப்பா கல்லறைதான் கெடைச்சுதா? உன்னை யாராச்சும் நேர்மையா இருக்கச் சொன்னாங்களா? நாலு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொன்னோம். அது ஒண்ணுதான் உன்கிட்ட கேட்டது."

"புகார் கொடுக்கலாம் வின்னி. சட்டம் இருக்கு. நான் சாட்சி சொல்றேன்."

"சட்டம் அடுத்த வருஷம் ஜெயிக்கும். சாப்பாடு சனிக்கிழமை."

அவள் மேஜையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அவள் அழுது நான் ஆறுதல் சொல்வது என்ற வழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அப்போதுதான் வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதல்ல, குத்திக்காட்டத்தான் சொன்னேன்.

"உங்க வீட்டுத் தோட்டம் எவ்வளவு பெருசு?"

அவள் நிமிர்ந்தாள்.

"படத்துல காட்டினியே. புல்தரை, ஆப்பிள் மரம், நீள மேஜை போட்டு உன் பிறந்தநாள். அங்க அறுபது பேர் உக்காரலாம்ல?"

அவள் முகத்தையே கவனித்தேன். எங்கள் பெயரைச் சொன்னால் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவு ஸைவ் முகத்திலும் சாத்திக்கொள்கிறதா என்று பார்த்தேன். ஒரு நொடி ஏதோ அசைந்தது. பிறகு சொன்னாள், "அம்மாகிட்ட கேக்கணும்."

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியும். பெயிண்ட் அடிக்க ஆட்கள் வருகிறார்கள். கழிவுத் தொட்டி சரியில்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை. எது வந்தாலும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தயாராக இருந்தேன். மறுநாள் வந்த பதில், 'சரி'.

எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. "சும்மா சரின்னாங்களா?"

"தோட்டம் மட்டும். கீழ் கழிவறையைப் பயன்படுத்திக்கலாம். அம்மா அன்னைக்கு அத்லோன்ல இருக்கிற சித்தி வீட்டுக்குப் போறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நகைப்பெட்டியை எடுத்துட்டுப் போறாங்க. உன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

"மறைச்சிருக்கலாம்" என்றேன்.

இந்தப் பெண்ணைத் திட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நகைப்பெட்டி விஷயத்தை என் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு ஏதோ வாடை அடித்தது.

"அவ அம்மா எதுக்கு ஒத்துக்கிட்டா?"

"தெரியலம்மா. நல்லவங்களா இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் அம்மா. 'மழை வராமலும் இருக்கலாம்' என்று சொல்கிற குரலில்.

சனிக்கிழமை மழை வரவில்லை. பாதிரியார் கல்லின் மேல் தண்ணீர் தெளித்தார். அப்பாவின் படத்தில் துளிகள் வழிந்தபோது அம்மா கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள். சித்தப்பா விம்மினார். பெண்கள் செபமாலை சொன்னார்கள். பிறகு வண்டிகள் வரிசையாக ஓரன்மோருக்குக் கிளம்பின. பின் வண்டியில் பெரிய பெரிய பானைகளில் பன்றித் தொடைக் கறி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. கூடவே மடக்கு மேஜைகள், நாற்காலிகள். நகரசபைக்கோ ஓட்டலுக்கோ எங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் எங்களிடம் மடக்கு மேஜைகள் நிறைய உண்டு.

ஸைவ் வாசலில் நின்றிருந்தாள். நல்ல உடை போட்டிருந்தாள், கறுப்பு. என் அம்மா வண்டியிலிருந்து இறங்கியதும் ஓடிவந்து கை கொடுத்தாள்.

"மிஸ்ஸிஸ் மோங்கன், ஓட்டல் விஷயத்துல நான்..."

"அப்புறம் பேசலாம்" என்று அம்மா அவளைத் தாண்டிப் போனாள். போனை எடுத்துத் தோட்டத்தை ஒரு மூலையிலிருந்து படம் பிடிக்க ஆரம்பித்தாள். வேலி, ஆப்பிள் மரம், பூச்செடிகள், சன்னல்கள் ஒவ்வொன்றாக. ஸைவுக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க அம்மாவுக்குத் தோட்டம் பிடிச்சிருக்கு போல."

அம்மா ஒரு மண்தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று போனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இந்தத் தொட்டி நாங்க வரும்போதே கீறல் விட்டிருக்கு. மேஜை போடுறதுக்கு முன்னாடி எடுத்தது. வின்னி, இதுல தேதி விழுதா பாரு."

ஸைவின் முகம் வாடியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நகைப்பெட்டிக்கும் தொட்டிக்கும் கணக்கு நேராயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. மேஜைகளுக்கு வெள்ளை விரிப்பு போட்டோம். எல்லாரும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா அப்பாவின் குதிரைக் கதைகளைச் சொன்னார். பாதிக்கு மேல் பொய். குழந்தைகள் ஆப்பிள் மரத்தடியில் ஓடினார்கள், ஆனால் மரத்தில் ஏறவில்லை. ஏறினால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா வண்டியிலேயே சொல்லியிருந்தாள். ஸைவ் தட்டுகளை எடுத்து ஓடி ஓடிப் பரிமாறினாள். அத்தை ஒருத்தி அவளைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு, நம்ம வார்ட் குடும்பமா?" என்றாள். வார்ட் என்பது எங்கள் சனத்தில் இன்னொரு குடும்பப் பெயர். ஸைவ் அதைக் கேட்டுச் சிவந்துபோனாள். பெருமை. அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

பக்கத்து வீட்டு மாடித் திரை இரண்டு தடவை விலகி மூடியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

போலீஸ் வண்டி வாசலில் வந்து நின்றது. சித்தப்பா கதையை நிறுத்தினார். ஆண்கள் கைகளை மேஜை மேல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எடுத்து வைத்தார்கள். குழந்தைகள் கூப்பிடாமலே அவரவர் அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டன. இதெல்லாம் எங்களுக்குப் பால் குடிக்கும்போதே வந்துவிடும். ஸைவ் மட்டும் சுற்றிலும் பார்த்தாள், ஏன் எல்லாரும் திடீரென்று சிலையாகிவிட்டார்கள் என்று புரியாமல்.

"நான் பேசுறேன்" என்றாள். துள்ளிக்கொண்டு போனாள். கையில் தேநீர்க் கெண்டியோடு நானும் பின்னால் போனேன்.

போலீஸ்காரர் இளைஞர், எங்களைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தோட்டத்தைப் பார்த்தார்.

"இங்க கூட்டம் சேர்ந்திருக்குன்னு புகார் வந்துச்சு. இந்த வீட்டுக்காரங்க எங்க?"

"நான்தான்" என்றாள் ஸைவ். அதே கணீர்க் குரல். "இவங்க என் விருந்தாளிங்க. என் தோழியோட அப்பாவுக்கு நினைவு நாள். அம்மாவுக்குத் தெரியும். எந்தப் பிரச்சினையும் இல்ல."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். ஸ்வெட்டர் மாற்றித் தரும் கடைக்காரர் முகத்தை எதிர்பார்த்து நின்றாள். அவர் அவளையும் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்த்தார்.

"நீ இந்த வீட்டுப் பொண்ணுன்னு எதை வச்சு நம்புறது?"

"என்ன?"

"அடையாள அட்டை ஏதாச்சும்."

ஸைவ் சிரித்துவிட்டாள். கேலி செய்கிறார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்குள் ஓடினாள், சீக்கிரம் திரும்பவில்லை, மாடியில் இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஸைவ் எதை ஒழுங்காக வைத்திருந்தாள், அடையாள அட்டையை வைத்திருக்க? கடைசியில் ஓட்டுநர் உரிமத்தோடு மூச்சு வாங்க வந்தாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வாசலில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"உங்க அம்மா இப்ப எங்க?"

"அத்லோன்ல. போன் போடட்டுமா?"

"அவங்க ஏன் வீட்டுல இல்ல?"

ஸைவிடம் இருந்த பதில் நகைப்பெட்டி. அதைச் சொல்ல முடியாது. அவள் ஒன்றைக் கடைசி வரை மறைத்ததை முதல்முறையாக நான் பார்த்தேன். "சித்தியைப் பாக்கப் போயிருக்காங்க" என்றாள். அது உண்மைதான். ஆனால் பொய் சொல்கிறவள் மாதிரியே அவள் குரல் தடுமாறியது, கழுத்து சிவந்தது. அவர் அதைக் கவனித்துக்கொண்டார்.

பிறகு அவளைக் கொஞ்சம் தள்ளி, வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"ஏம்மா, பயப்படாம சொல்லு. இவங்க உன்னை ஏதாச்சும் மிரட்டினாங்களா? உள்ள வர விடலேன்னா என்னாகும்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல. நான்தான் கூப்பிட்டேன்."

"அவங்க பக்கத்துல நிக்கிறாங்கன்னு அப்படிச் சொல்லாத. தலையை மட்டும் ஆட்டு, போதும்."

"நான்தான் கூப்பிட்டேன்னு சொல்றேனே."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். "தெரு முனைலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வண்டி தெரு முனையில் நின்றது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு நிமிடம் உள்ளுக்குள் இனித்தது. வாடி, இதுதான் நாங்கள் குடியிருக்கும் இடம், பார்த்துக்கொள் என்று. பிறகு அவள் திரும்பினாள். கடையிலும் சமையலறையிலும் அழுதாளே, அந்த முகம் இல்லை. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உதடு வெளுத்துப்போயிருந்தது. இனித்தது எனக்கே அசிங்கமாகப் பட்டது.

அவள் மேஜை வரை நடந்து வந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

"நான் பொறந்த வீடு இது" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "என் வீட்டுல நின்னுக்கிட்டு நான் சொன்னதை அந்த ஆள் நம்பல."

பிடெல்மா வகுப்புச் சொற்களில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. அம்மாதான் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து, அவள் உட்கார இடம் விட்டாள்.

"பழகிடும்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்மா" என்றாள். "எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது, இன்னும் பழகல. வா, உக்காரு. சாப்பாடு ஆறுது."